பழுது பார்ப்பதா, மாற்றி எறிவதா?

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் மோட்டார் வண்டியைப்பற்றி எழுதப் புகுந்தால், "இவனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று வினவுவோர் நம் கல்லூரியிலேயே பலர் உளர். பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைப்பர். எம் தமிழாசிரியர்கள் புருவம் நெரிப்பர். இரு திறத்தாரும் சிறிது பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன். யான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பழைய மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் வீழும் மழைநீரைத் துடைக்கும் கருவியே அது. மின்சாரத்தால் இயங்காது, இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் இயங்கும் பழைய வகைத் துடைப்பான் அது. அத்தகைய துடைப்பான் நின்றுபோனால் அதனைச் செப்பனிடுவதா, அன்றிக் கழற்றியெறிந்துவிட்டு மின்சார மோட்டார் ஒன்றை அவ்விடத்தில் வைப்பதா என்பதே வினா. செப்பனிட முயல்வதே முதற்கடமை என்பது என் துணிபு. அதற்குக் காரணங்கள் கூறுவேன். மறுப்போர் கூற்றையும் மறையாது உரைப்பேன்.

யான் வாழும் ஊர் திருவான்மியூர். இங்கே கோயில் கொண்ட இறைவனுக்கு மருந்தீசுவரர் என்று பெயர். அகத்திய முனிவருக்கு மருந்துகளின் இயல்பை இறைவன் இத்தலத்தில் அறிவுறுத்தினான் என்று தலவரலாறு கூறும். கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வூர் வழியாகவே தெற்கு நோக்கிச் செல்கிறது. அச்சாலையில் ஞாயிறு காலைகளில் பழைய வண்டிகள் சில மினுக்கிய மேனியோடு உலாவுவதை யான் சிறு வயது முதலே கண்டிருக்கிறேன். அவ்வண்டிகள் மழையில் வெளிவரக் கண்டது அரிது. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிஸம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடும். அம்மூன்று மாதமும் இவ்வண்டிகள் உறை போர்த்து உறங்கும். உரியவர்களைக் கேட்டால், "வைப்பர் வேலை செய்யாது, தம்பி" என்பர்.

எங்கள் தெருவில் உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருக்கிறார். உறவினர் அல்லரேனும் அவரை யாங்கள் தாத்தா என்றே அழைப்போம். அவருடைய தந்தையார் வைத்துச் சென்ற போர்டு பிரிபெக்ட் வண்டி அவரிடம் உண்டு. இங்கிலாந்து தேசத்து டாகன்ஹாம் தொழிற்சாலையில் 1949 முதல் 1953 வரை செய்யப்பெற்ற மாதிரியைச் சேர்ந்தது; 1172 கன சென்டிமீட்டர் அளவுள்ள சிறிய இஞ்சினை உடையது; ஆறு வோல்ட் மின்கலத்தால் விளக்கெரிப்பது. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள் காலை, வானம் சிறிதே வெளுத்திருந்தமை கண்டு, தாத்தா என்னையும் ஏற்றிக்கொண்டு முட்டுக்காடு வரை சென்றார். மீளும்போது மழை பிடித்துக்கொண்டது. துடைப்பான் நோயாளி நடப்பதுபோல் மெல்ல நடந்தது. முன்னே சென்ற லாரியைக் கடக்க எண்ணித் தாத்தா ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும், துடைப்பான் கண்ணாடியின் நடுவில் அசையாது நின்றுவிட்டது. நீர் திரையாக வழிந்தது. எதிரே வரும் வண்டிகளின் விளக்குகள் கலங்கிய மஞ்சட் புள்ளிகளாயின. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடும் உணர்ச்சியை யான் அன்றுதான் அறிந்தேன். தாத்தா காலை எடுத்தார். துடைப்பான் ஒரு முறை அசைந்து மீண்டும் தங்கிற்று. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, மழை விடும் வரை அரை மணி நேரம் பேசாதிருந்தோம்.

மறுநாள் பணிமனை ஒன்றுக்குச் சென்றோம். அங்கிருந்தவர் மூடியைக்கூடத் திறந்து பாராமல், "இந்தச் சாதியே இப்படித்தான், கழற்றிப் போட்டுவிட்டுக் கரண்டு மோட்டார் வைத்துவிடலாம்" என்று கூறிவிட்டார். அவர் கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆயின் பாதி மெய்யே. அந்தப் பாதி மெய்யை ஆராய்வதற்கு முன்னர்க் கருவியின் அமைப்பைச் சிறிது விளக்கவேண்டும்.

பெட்ரோல் இஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. அக்காற்று வரும் வழியில் ஒரு தகடு உண்டு. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் தகடு திறக்கும். காலை எடுத்தால் மூடும். தகடு மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் காற்றுக்கு ஏங்கி இழுக்கும். காற்றோ எளிதில் வாராது. ஆகவே தகட்டுக்கும் இஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில் காற்றழுத்தம் பெரிதும் குறைகிறது. இதனையே பழுதுபார்ப்போர் "வேக்கம்" என்பர். நல்ல இஞ்சின் நின்ற நிலையில் மெல்ல ஓடும்போது இக்குறைவு ஏறத்தாழ 18 அங்குலப் பாதரச அளவு இருக்கும். அக்குழாயிலிருந்து மெல்லிய குழல் ஒன்று துடைப்பானின் பெட்டிக்குச் செல்கிறது. பெட்டியின் உள்ளே, படகின் துடுப்புப்போன்ற தகடொன்று ஓர் அச்சில் பொருந்தியிருக்கும். துடுப்பின் ஒரு பக்கத்தை வெற்றிடத்தோடும் மறுபக்கத்தை வெளிக்காற்றோடும் சிறிய வால்வு ஒன்று இணைக்கும். வெளிக்காற்று துடுப்பைத் தள்ளும். துடுப்பு எல்லையை அடைந்ததும் வில் ஒன்று வால்வை "டக்" என்று மாற்றி உதைக்கும். அப்போது பக்கங்கள் மாறும். துடுப்பு திரும்பி வரும். துடுப்பின் அச்சோடு இணைந்த கை கண்ணாடியைத் துடைக்கும். இவ்வளவே கருவி. கம்பிச் சுருளும் இல்லை, காந்தமும் இல்லை.

நுட்பமான செய்தி ஒன்று இங்கு உண்டு. துடைப்பானை இஞ்சின் "இழுக்கிறது" என்று யாம் பேசுகிறோம். உண்மையில் அதனைத் தள்ளுவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றே. காற்றுக்கு நிறையும் அழுத்தமும் உண்டு என்பதை இத்தாலி நாட்டு டாரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாய் கொண்டு காட்டினார். 18 அங்குல வெற்றிடம் இருக்குங்கால், துடுப்பின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் வெளிக்காற்று ஏறத்தாழ 9 பவுண்டு விசையோடு தள்ளும். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒன்று மழையை எதிர்த்து நிற்பதன் இரகசியம் இதுவே.

நிற்க. இக்கருவிக்கு இரண்டு வகைக் குறைகள் உள. ஒன்று இயல்பு, மற்றொன்று நோய். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமையே எல்லாத் தவறுக்கும் வித்து என்று கருதுகிறேன்.

ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்தினால் தகடு திறந்து காற்று தடையின்றிப் புகும், வெற்றிடம் குன்றும், துடைப்பான் தளரும். மேட்டில் ஏறும்போதும், மற்றொரு வண்டியைக் கடக்கும்போதும் இவ்வாறு நிகழும். இது கருவியின் இயல்பு. எந்தக் கைவல்லவனாலும் முற்றும் நீக்க இயலாது. பிற்காலத்தில் சில உற்பத்தியாளர் வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் கலம் ஒன்றையும், காற்று திரும்பி ஓடாதபடி தடுக்கும் வால்வு ஒன்றையும் சேர்த்தனர். வேறு சிலர் பெட்ரோல் பம்பிலேயே இரண்டாவது சவ்வு ஒன்றை அமைத்து வெற்றிடத்துக்குத் துணை செய்தனர். இவற்றால் குறை தணிந்ததேயன்றி ஒழியவில்லை.

நோய் என்பது வேறு. ரப்பர்க் குழல் வெடித்துக் காற்றுக் கசிதல், துடுப்பின் விளிம்பிலுள்ள தோல் உலர்ந்து சுருங்குதல், பழைய கிரீஸ் பிசின்போல் இறுகுதல், மூடிக்கு அடியிலுள்ள பேக்கிங் மக்குதல், கையின் அச்சில் துருவேறுதல், துடைக்கும் ரப்பர் கட்டையாதல் ஆகியவை நோய்கள். இவை யாவும் தீர்க்கத்தக்கன. நோயுற்ற துடைப்பான், காலைச் சிறிதே அழுத்தினாலும் நின்றுவிடும். நலமுள்ள துடைப்பானோ, மிக அழுத்தினாலன்றி நில்லாது. பணிமனையார் நோயைக் கண்டு அதனை இயல்பென்று தீர்ப்புக் கூறினார். காய்ச்சலால் நடுங்குபவனைக் கண்டு, "இவன் பிறவியிலேயே நடுங்குபவன்" என்று கூறும் மருத்துவனை யாம் ஏற்போமா?

தாத்தா மனந்தளரவில்லை. பழைய வண்டிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற புதுப்பேட்டையில் நாற்பதாண்டுக்கு மேல் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவரைத் தேடி அழைத்து வந்தார். அவர் கையில் திருப்புளி இரண்டும் குறடு ஒன்றும் தவிர வேறில்லை. முதலில் அவர் இஞ்சினை மெல்ல ஓடவிட்டு, துடைப்பானுக்குச் செல்லும் குழலைக் கழற்றி, அதன் வாயில் பெருவிரலை வைத்தார். "நீயும் வைத்துப் பார், தம்பி" என்றார். விரலைக் குழல் பற்றிக்கொண்டது. ஆனால் இறுகப் பற்றவில்லை. பின்னர்க் குழலை இஞ்சின் அருகிலேயே கழற்றி, அவ்விடத்து விரல் வைக்கச் சொன்னார். அங்கே பற்று வலிதாக இருந்தது. "அங்கே பலம் இருக்கிறது, இங்கே இல்லை, அப்படியானால் வழியில் திருட்டு" என்றார். குழலை வளைத்துக் காட்டினார். மயிரிழை வெடிப்புகள் பல வாய் திறந்தன. அக்கசிவினால் இஞ்சினுக்கும் கேடு என்பதை அப்போதே விளக்கினார். வேண்டாத காற்று உள்ளே புகுவதால் பெட்ரோல் கலவை மெலிந்து, இஞ்சின் நின்ற நிலையில் தடுமாறி ஓடும். தாத்தா ஓராண்டாகக் கார்புரேட்டரைக் குறை கூறிக்கொண்டிருந்தார். குற்றமோ ஒரு முழக் குழலில் இருந்தது.

அடுத்து, கையைப் பெட்டியினின்றும் விடுவித்து அதனை மட்டும் அசைத்துப் பார்த்தார். கடற்காற்றின் உப்பு அச்சில் துருவாகப் படிந்திருந்தது. எண்ணெயிட்டு முன்னும் பின்னும் அசைத்துத் துருவைக் களைந்தார். அதன் பின்னரே பெட்டியைத் திறந்தார். உள்ளே கிரீஸ் கருமெழுகாய் உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவினோம். உட்சுவரில் சில கறைகள் எஞ்சின. அவற்றைப் போக்க யான் உப்புத்தாளை எடுத்தேன். மேஸ்திரி என் கையைப் பற்றினார். "தேய்த்தால் கீறல் விழும், கீறல் வழியே காற்றுப் போகும், பிறகு நீ எத்தனை நாள் துடைத்தாலும் அது ஓடாது. அழுக்கு இருந்தாலும் வழவழப்பாக இருக்க வேண்டும்" என்றார். தூய்மையும் நலமும் எப்போதும் ஒன்றல்ல என்பதை யான் எப்புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகக் கற்றதில்லை.

துடுப்பின் தோல் பனையோலைபோல் விறைத்திருந்தது. அதனை வெதுவெதுப்பான விளக்கெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்தோம். காலையில் அது வெற்றிலைபோல் வளைந்தது. மிகுதியான எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுத்தார். ஈரப்பசை மட்டும் இருந்தாற் போதும், வழிந்தால் தூசு சேரும் என்றார். துடுப்பின் விளிம்பு தோலாக இல்லாமல் ரப்பராக இருக்குமாயின் மண்ணெண்ணெயையும் இஞ்சின் எண்ணெயையும் அதன் மேல் படவிடலாகாது, ரப்பர் ஊதிக் கெடும் என்பதையும் எச்சரித்தார். மூடிக்குப் புதிய பேக்கிங் வேண்டியிருந்தது. கடையில் அது கிடையாது. தடித்த பேக்கிங் தாளைப் பெட்டியின் வாயில் விரித்து, விளிம்பைச் சுற்றிச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினார். விளிம்பின் வடிவமே தாளில் பதிந்து வெட்டுண்டது. அளவுகோல் ஒன்றும் எடுக்கவில்லை. மூடியின் மரையாணிகளை ஒன்றன்பின் ஒன்றாக முறுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினார். அன்றேல் மூடி ஒரு பக்கம் தூக்கும் என்றார். இறுதியில் புதுக்குழல் மாட்டி, கண்ணாடியின் மேல் ஒரு செம்பு நீர் வார்த்து, இஞ்சினை ஓட்டினோம். உலர்ந்த கண்ணாடியில் துடைப்பானைச் சோதிக்கலாகாது; உராய்வு மிகுந்து கருவி களைத்துப்போகும், கண்ணாடியும் கீறலுறும். துடைப்பான் துள்ளி எழுந்து ஓடிற்று. செலவு, ரப்பர்க் குழலுக்கும் பேக்கிங் தாளுக்கும் எண்ணெய்க்கும் ஆன சில நூறு ரூபாயும் மேஸ்திரியின் கூலியுமே.

இக்கருவியின் வரலாற்றையும் சிறிது அறிதல் நலம். அமெரிக்காவின் அலபாமா நாட்டவரான மேரி ஆண்டர்சன் என்னும் அம்மையார், நியூயார்க் நகரில் டிராம் வண்டியோட்டி பனிப்பொழிவில் கண்ணாடி வழியே பார்க்க இயலாது இடர்ப்படுவதைக் கண்டு, உள்ளிருந்தே கையால் இயக்கும் துடைப்பான் ஒன்றை அமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றார். அதனால் அவருக்குப் பொருள் வருவாய் ஏதும் இல்லை. 1917-இல் பஃபலோ நகரத்தில் ஜான் ஆய்ஷெய் என்பவர் மழையில் வண்டியோட்டிச் செல்கையில் சைக்கிளில் வந்த ஒருவர் மேல் மோதிவிட்டார். அவர் பிழைத்துக்கொண்டாரேனும் ஆய்ஷெய் அதனை மறக்கவில்லை. துடைப்பான் செய்யும் தொழிலிலேயே இறங்கினார். அவ்வாறு எழுந்ததே டிரைக்கோ நிறுவனம். கிளீவ்லாந்து நகரத்து போல்பர்த் சகோதரர்கள் காற்றின் விசையால் தானே இயங்கும் துடைப்பானுக்கு 1922-இல் காப்புரிமை பெற்றனர்; பின்னர் அவர்கள் தொழிலும் டிரைக்கோவினிடமே சேர்ந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1926-இல் மின்சாரத் துடைப்பானை வெளியிட்டது. ஆயினும் அக்காலத்து மின்கலங்கள் வலிமை குறைந்தவை. இஞ்சின் ஓடும் வரை வெற்றிடமோ விலையின்றிக் கிடைப்பது. ஆதலால் வெற்றிடத் துடைப்பான் நெடுங்காலம் நிலைத்தது; அமெரிக்காவிற் சில வண்டிகளில் 1972 வரையும் இருந்தது. இவ்வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்டது அந்தச் சைக்கிள்காரர் நிகழ்ச்சியே. துடைப்பான் வண்டிக்குள் இருப்பவனுடைய வசதிக்காக மட்டும் பிறந்ததன்று. சாலையில் நனைந்துகொண்டு செல்பவனுடைய உயிரைக் கருதிப் பிறந்தது.

இங்கேதான் எதிர்க்கட்சியார் வலிமையோடு எழுவர். "நீயே கூறுகிறாய், உயிரைக் கருதிப் பிறந்தது என்று. அங்ஙனமாயின், கடக்கும் தருணத்தில் கைவிடும் கருவியை ஏன் தாங்கிப் பேசுகிறாய்? பழமைமீது கொண்ட காதல் பிறர் உயிரினும் பெரிதோ?" என்பர். இவ்வினாவை எளிதாகத் தள்ள இயலாது. அன்று முட்டுக்காட்டுச் சாலையில் யானே அஞ்சினேன்.

என் விடை இது. நாள்தோறும் நெருக்கமான சாலையில் ஓட்டவேண்டிய வண்டியாயின், மின்சாரத் துடைப்பானே தகும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பழைய வண்டிகளின் நிலை அதுவன்று. மத்திய அரசாங்கம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டு, மூல வடிவிலேயே பேணப்பட்டு, சட்டத்திலும் உடலிலும் இஞ்சினிலும் பெருமாற்றம் பெறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதியலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய். பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். அவ்வாறு பதிந்தவற்றை வழக்கமான போக்குவரத்துக்கு ஓட்டலாகாது; கண்காட்சிக்கும், ஆராய்ச்சிக்கும், ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் மட்டுமே ஓட்டலாம். துடைப்பானை மாற்றினால் பதிவு போய்விடும் என்று யான் கூறவில்லை. மூல வடிவைப் போற்றுக என்பதும், விரையாது அரிதாக ஓட்டுக என்பதும் அவ்விதிகளின் உட்கருத்து என்றே கூறுகிறேன். அவ்வாறு ஓட்டுபவனுக்குச் செப்பமான வெற்றிடத் துடைப்பான் போதும். மேலும், மாற்றுவதும் எண்ணுவதுபோல் எளிதன்று. கடையிற் கிடைக்கும் மோட்டார்கள் பெரும்பாலும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு உரியவை. பிரிபெக்ட் போன்ற வண்டிகளோ ஆறு வோல்ட்டுக்கு உரியவை. ஒரு துடைப்பானுக்காக மின்கலத்தையும், டைனமோவையும், விளக்குகளையும் மாற்றப் புகுந்து, கடைசியில் பழைய வண்டியின் தோலைப் போர்த்த புதிய வண்டி ஒன்றை உண்டாக்கியோர் உளர். மாற்றியே தீரவேண்டுமாயினும், பழைய பெட்டியை எறியாது எண்ணெயிட்டுத் துணியிற் சுற்றி வைத்தல் வேண்டும். பின்வருவோன் அதனை மீண்டும் பொருத்த விரும்பலாம்.

ஆயின் என் அச்சம் மின்சார மோட்டாரைப்பற்றியதன்று. திறந்து பாராமலே தீர்ப்புக் கூறும் பழக்கத்தைப்பற்றியது. செப்பனிடத் தெரிந்தும், ஆராய்ந்தும், மாற்றுவதே நலமென்று துணிந்து மாற்றுபவன் அறிவாளி. செப்பனிடத் தெரியாமையால் மாற்றிவிட்டு, "காலத்துக்கேற்ற மாறுதல்" என்று அதற்குப் பெயரிடுபவன் தன் அறியாமைக்குப் பட்டாடை உடுத்துகிறான். இப்பழக்கம் வண்டிகளோடு நிற்பதில்லை. தைத்தால் தாங்கும் செருப்பும், ஈயம் பூசினால் மிளிரும் பாத்திரமும், கட்டினால் நிலைக்கும் புத்தகமும் இன்று குப்பைமேட்டை அடைகின்றன. நம் விடுதி அறைகளிலேயே, ஒரு கம்பி விட்டுப்போனமைக்காக எறியப்பட்ட மேசைவிளக்குகள் எத்தனை!

மற்றொரு செய்தியைக் கூறியே முடிக்கவேண்டும். தமிழ் மாணவனாகிய எனக்கு அதுவே பெரிது. மேஸ்திரி எனக்குக் கூறிய எதுவும் தமிழில் எழுதப்பட்டதாக யான் காணவில்லை. பிரிபெக்ட் வண்டிக்கு ஆங்கிலத்தில் கையேடு உண்டு. ஆனால் கடற்காற்றில் துருவேறிய அச்சை எவ்வாறு இளக்குவது, கடையிற் கிடைக்காத பேக்கிங்கை எவ்வாறு வெட்டுவது, வேற்றுநாட்டு எண்ணெய்க்கு ஈடாக நம் விளக்கெண்ணெயை எவ்வளவு தடவுவது என்பவை அக்கையேட்டில் இல்லை. அவை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும், பள்ளிப்படிப்பு மிகாத மனிதர்களின் விரல்நுனியில் இருக்கின்றன. திருப்புளி, குறடு, அரம், மரை, உப்புத்தாள், பற்றவைத்தல், ஈயம் பூசுதல் என அவர்கள் நாவில் வழங்கும் சொற்கள் எத்துணைச் செறிவுடையன! யாம் கலைச்சொல்லாக்கம் என்று நூலகத்தில் அமர்ந்து புதுச்சொல் புனைகிறோம். அவர்களோ வேலை செய்துகொண்டே சொல்லை ஆக்கிவிட்டனர். மேஸ்திரிக்கு வயது எழுபதை நெருங்குகிறது. அவருடைய மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். "எனக்குப் பிறகு இந்தப் பெட்டியை யார் திறப்பார், தம்பி?" என்று அவர் கேட்டபோது அதில் துயரம் தோன்றவில்லை, கணக்குக் கேட்பவர்போலக் கேட்டார். அதுவே என்னை வருத்தியது.

பழைய வண்டிகளைப் பேணும் முயற்சி நம் நாட்டில் இல்லாமலில்லை. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்கள் பெயரால் விளங்கும் அறநிலையத்தார் 2015-இல் மோட்டார் வண்டிக் காட்சிச்சாலை ஒன்றைத் திறந்தனர். சென்னை வடபழனியில் ஏ. வி. எம். நிறுவனத்தாரின் பாரம்பரியக் காட்சிச்சாலை 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அங்கும் பழைய வண்டிகள் பல உள. இவை போற்றத்தக்க பணிகள். எனினும் காட்சிச்சாலை வண்டியைக் காக்கும். வண்டியைச் செப்பனிடும் கையை யார் காப்பது? ஒவ்வொரு வண்டியின் அருகிலும் அது பிறந்த ஆண்டை எழுதி வைப்பதோடு, அதனை ஓடவைத்த தொழிலாளியின் பெயரையும் அவர் செய்த வேலையையும் எழுதி வைத்தல் நன்றன்றோ?

நம் கல்லூரி செய்யத்தக்க காரியம் ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் தமிழ் வகுப்பினர் இருவரும் பௌதிக வகுப்பினர் இருவரும் சேர்ந்து, சில சனிக்கிழமைகளை இத்தகைய கைவல்லுநர் ஒருவரோடு கழிப்பாராக. பௌதிக மாணவர் கருவியின் நியாயத்தை ஆராயட்டும். தமிழ் மாணவர் தொழிலாளியின் சொற்களை அவர் கூறியவாறே எழுதட்டும். அவ்வெழுத்தை இம்மலரில் அச்சிடலாம். பத்தாண்டுகளில் பத்துத் தொழில்களின் நூல் ஒன்று தானே உருவாகும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. நாற்காலியை விட்டு எழுந்து, அழுக்குத் துணி விரித்த தரையில் உட்காரும் மனம் வேண்டும்.

வேலை முடிந்த மறுவாரம் மீண்டும் மழை பெய்தது. தாத்தா வேண்டுமென்றே வண்டியை வெளியே எடுத்தார். துடைப்பான் ஒழுங்காக ஓடியது. மேம்பாலம் ஒன்றில் ஏறும்போது அது சிறிது தளர்ந்தது. இயல்புக்குறை அல்லவா, அது போகவில்லை. தாத்தா காலைச் சற்றே தளர்த்தினார். துடைப்பான் உடனே விரைந்தெழுந்து கண்ணாடியைத் துலக்கிற்று. முன்னே ஒரு பெண்மணி குடையின்றிக் குழந்தையை அணைத்துக்கொண்டு சாலையோரம் நடந்து செல்வது தெளிவாகத் தெரிந்தது. அவர் கடக்கும் வரை மெல்லவே சென்றோம். பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பின, தாத்தா பொருட்படுத்தவில்லை.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ கொட்டகையிலோ நின்றுபோன பொருள் ஏதேனும் கிடக்குமாயின், எறிவதற்கு முன் அதன் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கத் தெரியாவிடின், தெரிந்தவர் ஒருவரை அவர் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.